நிலம் போய்ப் பணம் வந்திருக்கிறது: பத்தில் ஒன்று கொடுத்துவிட்டால் மீதி நம்முடையதா?

கேள்வி: தேரிக்காடு

திருச்செந்தூர் வட்டாரத்தில் எங்கள் பாட்டனார் வாங்கிப்போட்ட பனங்காடு ஒன்று சாலை விரிவாக்கத்துக்காக எடுக்கப்பட்டு, அதற்கான இழப்பீடு அண்மையில் வங்கிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான், தம்பி, தங்கை ஆகிய மூவரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நாற்பது லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கும். இத்தனை காலமும் அந்தக் காட்டிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் ஆண்டுக்குச் சில சிப்பம் கருப்பட்டியும், அங்கே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பாளை சீவி வந்த பனையேறிக் குடும்பம் கொடுத்த சொற்பத் தொகையும்தான். மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் சமாளித்துப் பழகிய எனக்கு, இந்தப் பணம் மகிழ்ச்சியைவிடக் குழப்பத்தையே அதிகமாகக் கொண்டுவந்திருக்கிறது.

ஆளுக்கொரு ஆலோசனை வருகிறது. எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர், பத்தில் ஒன்றான தசமபாகத்தை முதலில் பிரித்து வைத்துவிட்டால் மீதியை உறுத்தலில்லாமல் அனுபவிக்கலாம், அதை யாரும் கேட்க முடியாது என்றார். கன்வென்ஷன் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும் என் மனைவியின் சித்தி, இது கர்த்தர் திறந்த வாசல், இதில் ஒரு பெரிய பகுதியை ஊழியத்தில் விதைத்தால் நூறத்தனையாகத் திரும்பி வரும் என்கிறார். வட இந்தியாவில் மிஷனரியாக இருந்து திரும்பிய என் பெரியப்பாவோ, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்ற வசனத்தை எடுத்துக்காட்டி, தேவைக்கு மேல் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடு, வைத்திருந்தால் அது உன்னை வைத்துக்கொள்ளும் என்கிறார். இவற்றுக்கு நடுவே என் மைத்துனர், தமக்குத் தெரிந்த விசுவாசி ஒருவர் நடத்தும் பைனான்ஸில் போட்டால் மாதம் இரண்டு வட்டி நிச்சயம், அவர்கள் வெளியே மூன்று வட்டிக்கு விடுகிறார்கள், அந்த வருமானத்திலிருந்து நீங்கள் மாதாமாதம் காணிக்கை கொடுக்கலாமே என்று யோசனை சொல்கிறார்.

எந்த வங்கியில் எவ்வளவு வட்டி, எந்தப் பத்திரத்தில் வரிச்சலுகை என்பதை நான் வேறிடத்தில் விசாரித்துக்கொள்வேன். ஒரு கிறிஸ்தவன் கையில் பணம் எதற்காக வைக்கப்படுகிறது, அதைப் பற்றி வேதமும் சபையின் நெடுநாள் அனுபவமும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதே என் கேள்வி. ஒற்றை வசனத்தோடு நின்றுவிடாமல், காரணங்களோடு எழுதினால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

பதில் 1: சேகரக் கணக்கர்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். சேகரப் பொருளாளராகச் சில ஆண்டுகள் காணிக்கைக் கவர்களைப் பிரித்து எண்ணியவன் என்ற முறையில், தசமபாகத்தைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன்.

நம் மேடைகளில் இதற்கு எடுத்தாளப்படும் வசனம், தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்னும் மல்கியா 3:10. அதற்கு ஐந்து வசனங்கள் முன்னால், அதே அதிகாரத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்ளுகிறவர்களுக்கும் பரதேசிக்கு (அந்நியனுக்கு) அநியாயஞ்செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே தீவிரமான சாட்சியாயிருப்பதாகக் கர்த்தர் சொல்லுகிறார். வானத்தின் பலகணிகளைப் பற்றிய வாக்குத்தத்தத்தை ஆண்டுதோறும் கேட்கிற நாம், ஐந்தாம் வசனத்தின்மேல் ஒரு முழுப் பிரசங்கத்தை எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்க்கலாம். தசமபாகம் கொடுக்கச் சொன்ன தீர்க்கதரிசி, கூலி பாக்கி வைத்திருக்கிறவன் கொண்டுவரும் தசமபாகத்தைப் பற்றி மனநிறைவோடு பேசவில்லை.

அடுத்து உபாகமம் 14ஆம் அதிகாரம். அங்கே தசமபாகத்தின் ஒரு பகுதியை, அதைக் கொண்டுவந்த குடும்பமே, கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தலத்தில், தன் வாசல்களிலிருக்கிற, ஆலய ஊழியத்துக்குரிய லேவியனையும் சேர்த்துக்கொண்டு உண்டு மகிழவேண்டும் என்று இருக்கிறது. தூரம் அதிகமானால் தானியத்தைப் பணமாக மாற்றிக்கொண்டு போய், அங்கே மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடவும் அநுமதி இருக்கிறது. (நம் திருநெல்வேலிச் சபைகளில் எல்லாரும் சேர்ந்துண்ணும் அசனப் பந்திக்கு இதைவிடப் பொருத்தமான வேத ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.) மூன்றாம் வருடத்துத் தசமபாகமோ ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டியது. ஆகவே பத்தில் ஒன்று என்பது ஆலயத்துக்குக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளும் வரி என்ற எண்ணம் மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே நிற்காது. ஒற்தலாமிலும் (புதினாவிலும்) வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்குத் தவறாமல் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைப் பற்றி இயேசு என்ன சொன்னார் என்பது மத்தேயு 23இல் இருக்கிறது.

உங்கள் சபை மூத்தவர் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு, நிலத்தை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ, விற்றபின்பும் அந்தப் பணம் உன் வசத்திலிருக்கவில்லையோ என்றுதான் கேட்டார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவன் விழவில்லை. முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட பொய்தான் அவனை வீழ்த்தியது. எனவே யாரும் உங்கள் கையை முறுக்கி வாங்க வேதம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதும் கணக்கு இல்லை என்பதும் ஒன்றாகிவிடாது. லூக்கா 16இல் எஜமான் தன் ஆஸ்தியை நிர்வகித்த உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்டது அவன் கையில் ஒப்புவிக்கப்பட்ட அனைத்துக்கும்தான்.

மீதி ஒன்பது பங்கோடு ஒருவன் எப்படி வாழலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அவர் சொல்லும் கணக்கு இது: ஆக்ஸ்போர்டில் இருந்த இளைஞர்களில் ஒருவருக்கு முதலாண்டு வருமானம் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். மறு ஆண்டு 60 பவுன் வந்தது; அப்போதும் 28 பவுனிலேயே வாழ்ந்து 32 பவுனைக் கொடுத்தார். வருமானம் 90 ஆகி, பின்பு 120 ஆனபோதும் செலவு 28 பவுனைத் தாண்டவில்லை. வெஸ்லி இதைப் பிரசங்கத்தில் யாரோ ஒருவரைப் போலச் சொல்கிறார். அந்த இளைஞர் அவரேதான் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வருமானம் ஏறும்போதெல்லாம் செலவும் தானாக ஏறத்தான் வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. நாமாகத்தான் அதை விதியாக்கிக்கொண்டோம். முடிந்ததையெல்லாம் சம்பாதி, முடிந்ததையெல்லாம் சேமி, முடிந்ததையெல்லாம் கொடு என்ற அவருடைய மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டை மெதடிஸ்டுகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், மூன்றாவதைத்தான் விட்டுவிட்டார்கள் என்று முதுமையில் அவர் வருந்தியதும் பதிவாகியிருக்கிறது.

வீட்டாரை மறக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் உலகப்பிரகாரமான செலவு என்று யாராவது சொன்னால், அவருக்கு அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

பதில் 2: பங்குப் பேரவை உறுப்பினர்

நான் கத்தோலிக்கன், ஆகவே நீங்கள் கேட்ட சபையின் நெடுநாள் அனுபவம் என்ற பகுதிக்கு எங்கள் மரபிலிருந்து சிலவற்றை முன்வைக்கிறேன். இவற்றில் பழையவை எல்லாச் சபைகளுக்கும் பொதுச் சொத்து.

கி.பி. 369ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாப் பகுதியில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. தானியம் வைத்திருந்தவர்கள் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த நாள்களில் செசரியாவில் மறையுரை ஆற்றிய புனித பசிலியார், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் உவமையை எடுத்துக்கொண்டு, நீ பதுக்கி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுக்கு உரியது, உன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் மேலாடை ஆடையற்றவனுக்கு உரியது, உன்னிடம் மக்கிப்போகும் காலணி வெறுங்காலோடு நடப்பவனுக்கு உரியது என்ற பொருளில் பேசினார். உரியது என்று அவர் சொன்னதைக் கவனிக்க வேண்டுகிறேன். கொடுப்பவனின் தாராளத்தை அவர் புகழவே இல்லை. கொடுக்காமல் வைத்திருப்பவன் பிறர் பொருளை வைத்திருக்கிறான் என்பதே அவருடைய வாதம். பேசியதோடு நிற்காமல் தம் குடும்பச் சொத்தை விற்றுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பின்னர் பேராயராகி, நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்குமான பெரிய இல்லம் ஒன்றையும் எழுப்பினார்.

அப்படியானால் சொந்தச் சொத்தே கூடாதா என்ற கேள்வி எழும். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பொருளைப் பராமரிப்பதும் நிர்வகிப்பதும் தனி ஒருவர் பொறுப்பில் இருப்பது நல்லது, ஏனெனில் எல்லாருக்கும் பொதுவான வேலையை எவரும் செய்வதில்லை. ஆனால் அதன் பயனைப் பொறுத்தவரையில், தேவையில் இருப்பவர்களோடு எளிதில் பகிர்ந்துகொள்ளும்படி அதைப் பொதுவானதாகவே கருதவேண்டும் என்றார். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் சொத்துரிமையை உறுதியாகக் காத்துப் பேசிய அதே மூச்சில், வேலைக்காரனும் முதலாளியும் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்கவேண்டும் என்றும் எழுதினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மண்ணுலகின் பொருள்கள் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை என்பதை மீண்டும் சொல்லிற்று.

ஆகவே கொடுக்கவேண்டிய விழுக்காட்டை எங்கள் மரபு முதலில் கேட்பதில்லை. இந்தப் பொருள் வரும்போது யாருடைய உழைப்பு இதில் கலந்திருந்தது, இது நின்றுபோனால் யாருடைய அடுப்பு அணையும் என்பதைத்தான் முதலில் கேட்கும். உங்கள் பெரியப்பா சொல்வதுபோல் அனைத்தையும் துறப்பது சிலருக்குத் தரப்படும் அழைப்பு. பணக்கார இளைஞனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன அதே இயேசு, பாதியைக் கொடுப்பதாகச் சொன்ன, வரி தண்டுபவரான சக்கேயுவின் வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார். தம் உடைமையால் அவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்த யோவன்னா, சூசன்னா முதலிய பெண்களைப் பற்றி லூக்கா 8இல் வாசிக்கிறோம்.

பதில் 3: வழக்குரைஞர், நெல்லை

மற்றவர்கள் பெரிய கேள்வியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மைத்துனரின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதுதான் உடனே காரியமாகக் கூடியது.

மூன்று வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. அந்த வட்டிக்கு வாங்குகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வங்கியில் கடன் கிடைக்கிறவர் அங்கே வரமாட்டார். பிரசவச் செலவுக்கு, கல்லூரியின் கடைசித் தேதிக்கு, படகின் இயந்திரம் பழுதானதற்கு வாங்குகிறவர்கள்தான் வருவார்கள். நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வது போதாது என்று, சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவரே வைத்துக்கொள்வதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். சம்பள நாளன்று காலையில் கடன் கொடுத்தவர் இயந்திரத்துக்குப் போய்த் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் உழைத்தவருக்கு மீதி தெரியும். உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும் என்கிறது. மாவரைக்கும் கல் போனால் அன்றைய அப்பம் போயிற்று. இன்றைய திரிகைக் கல் அந்தக் கார்டுதான்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பஞ்சத்தினாலும் ராஜாவுக்குக் கட்டவேண்டிய தீர்வையினாலும் ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்தது. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல, அவர்களுடைய சகோதரர். நெகேமியா மிகவும் கோபங்கொண்டு பெரிய சபையைக் கூட்டி, நிலங்களோடு சேர்த்து, நூற்றுக்கொன்று வீதம் தண்டிவந்த வட்டியையும் திரும்பக் கொடுக்கச் சொன்னார். அந்த நூற்றுக்கொன்று மாதத்துக்கானது என்றே பலரும் விளக்குகிறார்கள். அப்படியென்றால் அவரைக் கோபப்படுத்தியது நம்மூர்க் கணக்கில் ஒரு வட்டி. உங்கள் மைத்துனர் சொல்வது மூன்று. கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கமும் தன் 17ஆம் விதியில், இதே மாதம் நூற்றுக்கொன்று வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்கச் சொல்லிற்று. அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவனைப் பற்றிய சங்கீதம்.

அதற்காக எல்லா வட்டியும் பாவம் என்று நான் வாதாடவில்லை. 1462இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காகத் தொடங்கிய அடகு நிதி, நிர்வாகச் செலவுக்காகச் சிறு வட்டி வாங்கிற்று. பல ஆண்டுச் சர்ச்சைக்குப் பின் 1515இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. வியாபாரத்துக்காகக் கடன் வாங்கி லாபம் பார்க்கிறவனிடம் வட்டி வாங்குவதையும் தரித்திரனின் இக்கட்டில் வட்டி வாங்குவதையும் சீர்திருத்தத் தலைவர் கால்வின் தெளிவாகப் பிரித்து, பின்னதை விலக்கினார். வெஸ்லியோ 1746இல் லண்டனில் ஒரு கடன் நிதியைத் தொடங்கி, ஏழைகளுக்கு 20 ஷில்லிங் வரை கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருப்பச் செய்தார். ஆகவே வங்கியில் வைப்புத்தொகை போடுவதும் கந்துவட்டிக்கு முதல் கொடுப்பதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல. பின்னதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டமும் தண்டிக்கிறது. 2017 அக்டோபரில் எங்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கடன் நெருக்கடிக்கு ஆளான ஒரு குடும்பம் தீக்குளித்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

அந்த வருமானத்திலிருந்து காணிக்கை கொடுக்கலாம் என்பது எனக்கு மிகவும் வருத்தமான யோசனை. ஒரு விதவையின் கம்மலிலிருந்து வந்த பணம் தட்டில் விழுந்தால் அதன் பெயர் மாறிவிடாது.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியை

சகோதரர்கள் மூவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். சித்தி சொன்ன விதைப்பைப் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் அதைப் பேசுகிறேன்.

நூறத்தனை என்ற வாக்குத்தத்தம் மாற்கு 10:30இல் இருக்கிறது. அங்கே வீடுகளையும் நிலங்களையும் பற்றிச் சொல்லும்போதே, துன்பங்களோடேகூட என்ற ஒரு சொல்லும் இருக்கிறது. அதைச் சேர்த்து வாசிக்கும் பிரசங்கியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 2010இல் கேப்டவுனில் கூடிய, சுவிசேஷகச் சபையாரின் உலகளாவிய லொசேன் மாநாடு, செழிப்பைக் கட்டாயப் பலனாக வாக்களிக்கும் உபதேசத்தைச் சுவிசேஷத்துக்கு ஒவ்வாதது என்று மறுத்தது. நானும் மறுக்கிறேன். ஆயினும் அந்தக் கூட்டங்களுக்குப் போகும் ஏழைப் பெண்களைக் கேலி செய்ய என்னால் முடியாது. என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மாரில் பலர், நீ தரித்திரத்துக்கென்று பிறந்தவள் அல்ல, உன் மகள் படிப்பாள் என்று ஒருவர் சொல்வதை வாழ்க்கையில் முதன்முறையாக அங்கேதான் கேட்டார்கள். நம் ஒழுங்கான ஆராதனைகளில் அதை அவர்களுக்கு யார் சொன்னோம்? குடியை விட்ட கணவனின் கூலி வீட்டுக்கு வந்ததும் உண்மை. பிறகு அதே கூலியிலிருந்து கவருக்குமேல் கவராக எடுக்கப்பட்டு, கொடுத்தவர் பெயர்கள் தொகை வாரியாக வாசிக்கப்படுவதுதான் கொடுமை. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேகரித்தபோது, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி வேறு சகோதரரையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் எழுதினார். நீங்கள் எந்த ஊழியத்துக்குக் கொடுத்தாலும், தணிக்கை செய்த கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டாம்.

கொடுப்பது பணக்காரர் வேலை என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா 1912இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயராகப் போனபிறகு, அங்கே இருந்த மிக ஏழையான தெலுங்குக் குடும்பங்களும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் பிடியரிசிக் கலயம் ஒன்று இருந்தது. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாள்களில் அம்மாவின் பிடி சிறுத்தது, ஆனால் கலயத்துக்குள் கை போகாமல் இருந்ததில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன், தம்பி. உங்கள் கேள்வியின் தொடக்கத்தில், வாரத்துக்குப் பாளை சீவி வந்த ஒரு பனையேறிக் குடும்பம் என்று ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. காலையும் மாலையும் ஏறி இறங்கி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதனீரை வீட்டுப் பெண்கள் வெயிலிலும் புகையிலும் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால்தான் உங்களுக்கு அந்தச் சிப்பங்கள் வந்திருக்கும். மரம் வெட்டப்பட்ட நாளில் உங்களுக்கு இழப்பீடு வந்தது. அவர்களுக்கு என்ன வந்தது? சித்தியும் பெரியப்பாவும் மைத்துனரும் சபை மூத்தவரும் சொன்ன நான்கு யோசனைகளிலும் அந்தக் குடும்பம் இல்லை. சக்கேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றான்; அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்பதைத் தனியாகச் சொன்னான். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தர்மமும் செலுத்தவேண்டியதும் வேறு வேறு கணக்கு என்பதை அவன் அறிந்திருந்தான் அல்லவா?

தேரிக்காடு (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. மைத்துனரிடம் பைனான்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பனையேறிக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய மகன் உடன்குடிப் பக்கம் கொத்தனாரிடம் சித்தாளாகப் போகிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவருக்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. என் பாட்டனாரும் அவருடைய தகப்பனாரும் வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடு அது. தம்பியிடம் பேசியபோது, சட்டப்படி அவருக்கு எதுவும் இல்லை, வேண்டுமானால் கிறிஸ்துமஸுக்கு நல்ல தொகை ஒன்று கொடுப்போம் என்கிறான். இதில் சட்டம் என்ன சொல்கிறது, எப்படிக் கொடுப்பது முறை என்பதை வழக்குரைஞர் ஐயா விளக்கவேண்டும்.

பதில் 5: வழக்குரைஞர், நெல்லை

ஆசிரியை அம்மா கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கவேண்டும்; நான் வட்டியிலேயே நின்றுவிட்டேன்.

சட்டப்படி எதுவும் இல்லை என்று உங்கள் தம்பி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நில உரிமையாளரை மட்டும் சேர்க்கவில்லை. நிலம் இல்லாவிட்டாலும், எடுப்புக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் உழைத்து அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்த கூலியாளர், குத்தகைதாரர், வாரக்காரர் குடும்பங்களையும் சேர்த்திருக்கிறது. 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான எடுப்புக்கும் அதன் மறுவாழ்வுப் பகுதி பொருந்துகிறது. அவர் பெயர் கணக்கெடுப்பில் விடுபட்டிருந்தால், அவர் மனுக்கொடுக்க நீங்கள் மூவரும் உரிமையாளர் என்ற முறையில் எழுத்தில் சாட்சி சொல்லலாம். எத்தனை ஆண்டுகளாக யார் பாளை சீவினார்கள் என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. உங்களுக்குப் பணச் செலவில்லாத உதவி இது. முதலில் இதைச் செய்யுங்கள்.

அந்த மனு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்பதால், நீங்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியதை அதற்காக நிறுத்தவேண்டாம். மூவரும் பிரித்துக்கொண்டபின் உங்கள் கையிலிருந்து கொடுத்தால் அது தர்மமாகிவிடும், தம்பி சொல்கிற கிறிஸ்துமஸ் அன்பளிப்பைப் போல. பிரிப்பதற்கு முன்பே, பொதுத் தொகையிலிருந்து, வாரத்துக்கு உழைத்தவருக்கான பங்கு என்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் இல்லை. காடு விளைந்த காலத்தில் விளைச்சலை எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்பதையும், இழப்பீட்டில் மரங்களுக்கென்று தனியே கணக்கிட்ட தொகை எவ்வளவு என்பதையும் இழப்பீட்டை நிர்ணயித்த தீர்ப்பாணையில் பார்த்து, அங்கிருந்து தொடங்கலாம். ரொக்கமாகக் கொடுக்காமல் அவரும் அவர் மனைவியும் சேர்ந்த கணக்கில் போடுங்கள். எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நாளை வேறு யாரும் வந்து அதைக் கடன் என்று சொல்லாமல் இருக்க அது உதவும். ஆலயத்தில் அறிவிக்கவேண்டாம்.

தசமபாகத்தை அதன்பின் உள்ள தொகையில் கணக்கிடுங்கள். லேவியராகமம் 25:23இல் தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார். அந்தக் கணக்கின்படி பட்டா உங்கள் பாட்டனார் பெயரில் இருந்ததும், பாளை சீவியவர் வாய்ப்பேச்சில் இருந்ததும் அத்தனை பெரிய வேறுபாடு இல்லை.

தேரிக்காடு (மறுமொழி)

தீர்ப்பாணை நகலைப் பார்த்தேன். மரங்களுக்கான தொகை தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. தங்கை சம்மதம் சொல்லிவிட்டாள். தம்பி அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறான். அவனுடைய பதில் வந்த பிறகு மூவரும் சேர்ந்து பனையேறியின் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம்.